மழையில்லாமல் ஆடும் வைப்பர், பகலில் எரியும் ஹெட்லைட்: சென்சாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மதுரைப் பக்கம் கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவர்களுக்கு ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கும். லீவரை ஆட்டோவில், அதாவது தானாக ஓடும் நிலையில், போட்டும் வைப்பர் ஓடவில்லை. மழையே இல்லை, வைப்பர் பாட்டுக்கு ஓடுகிறது. ஹெட்லைட் பட்டப்பகலில் எரிகிறது, அல்லது நன்றாக இருட்டியும் எரிய மாட்டேன் என்கிறது. வண்டியைக் கொண்டுவருகிறவர் பெரும்பாலும் மழையையும் வெளிச்சத்தையும் உணரும் சென்சார் போய்விட்டது என்று முடிவு செய்துதான் வருகிறார். வேறொரு இடத்தில் அப்படிச் சொல்லி, விலையும் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

சென்சார் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். அது எந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறதோ அந்தக் கண்ணாடி, அதைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும் ஜெல், அந்த இடத்தைத் துடைக்கும் பிளேடு, அதற்குக் கரண்ட் கொண்டுவரும் கப்ளர், பழுது பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றில்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது சென்சார் மாட்டிய பிறகும் அதே கோளாறோடு ஒருவர் திரும்பி வருவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. வீட்டு வாசலிலேயே காசில்லாமல் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை முதலில் வைத்து, மீட்டரும் ஸ்கேனரும் தேவைப்படுகிறவற்றைப் பின்னால் வைத்து எழுதியிருக்கிறேன்.

சென்சார் எதைப் பார்க்கிறது

இது தெரிந்தால் பாதிப் பழுதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். முன் கண்ணாடியின் உள்பக்கம், மிரருக்குப் பின்னால் ஒரு கருப்பு டப்பா ஒட்டியிருக்கும். அதற்குள் இருக்கும் எல்இடி அகச்சிவப்பு ஒளியைக் கண்ணாடிக்குள் சாய்வாக, ஏறக்குறைய 45 டிகிரியில் செலுத்துகிறது. கண்ணாடியின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் அந்த ஒளி வெளியே போகாமல் அப்படியே மடங்கித் திரும்பி வரும். கிணற்றில் முங்கிக் கண்ணைத் திறந்து சாய்வாக மேலே பார்த்தால் தண்ணீரின் மேல்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னுமே, அதே கணக்குதான். வெளியே ஒரு துளி விழுந்தால் அந்த இடத்தில் ஒளி துளிக்குள் நுழைந்து வெளியேறிவிடும். திரும்பி வருகிற ஒளி குறையும். எவ்வளவு குறைகிறது, எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதை வைத்து வைப்பரை எத்தனை வேகத்தில் ஓட்டுவது என்று முடிவாகிறது.

ஆக, அந்த டப்பாவுக்கு மழை என்றால் என்னவென்றே தெரியாது. ஒளி குறைகிறதா என்பது மட்டும்தான் தெரியும். கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்கிற எதுவும், அது பிசினாகட்டும், எண்ணெயாகட்டும், அதற்கு மழைதான். காய்ந்த தூசி மேலோட்டமாக உட்கார்ந்திருப்பதால் அவ்வளவு தொல்லை தராது.

ஹெட்லைட்டுக்கான ஒளி சென்சார் பல கார்களில் இதே டப்பாவுக்குள் இருக்கும். சில கார்களில் டேஷ்போர்டின் மேலே, கண்ணாடி ஓரமாக, ஒரு சின்னக் கருப்புக் குமிழாகத் தனியாக இருக்கும். உச்சி வெயிலில் வெளிச்சம் 1 லட்சம் லக்ஸ் வரை போகும். தெருவிளக்கு வெளிச்சம் சில பத்து லக்ஸ்தான். இடையில் கம்பெனி குறித்து வைத்திருக்கும் ஓர் அளவுக்குக் கீழே வெளிச்சம் இறங்கினால் ஹெட்லைட்டைப் போடச் சொல்லித் தகவல் போகும். தகவலை வாங்கி, ரிலேயைத் தட்டி, வைப்பரையும் விளக்கையும் ஓட்டுவது பிசிஎம் என்ற கன்ட்ரோல் யூனிட்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

வைப்பரையும் விளக்கையும் ஆட்டோ நிலையிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி, வைப்பரைக் கையால் ஸ்லோவிலும் ஃபாஸ்டிலும் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட்டையும் கையால் போட்டு டிம், பிரைட் இரண்டும் பாருங்கள். கையால் போட்டால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதென்றால் மோட்டார், லிங்கேஜ், பல்பு, அவற்றின் ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருக்கின்றன, மேற்கொண்டு படியுங்கள். கையால் போட்டாலும் வைப்பர் அசையவில்லை, பாதியில் நிற்கிறது என்றால் சென்சாரை மறந்துவிடுங்கள். அது ஃபியூஸ், மோட்டார், அல்லது வைப்பர் கையின் அடியில் இருக்கும் நட்டு தளர்ந்த பிரச்சினை.

அடுத்து, ஆட்டோ நிஜமாகவே ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் வைப்பர் லீவர் ஆட்டோவில் இருந்தாலும் டச் ஸ்கிரீன் மெனுவில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். பேட்டரி மாற்றிய பிறகு அது ஆஃபுக்குப் போயிருக்கலாம். சில கார்களில் வண்டியை அணைத்து மறுபடி போட்டால், லீவரை ஒருமுறை ஆஃபுக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஆட்டோவுக்குக் கொண்டுவந்தால்தான் வேலை செய்யும். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் திடீரென்று ஓடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் மிரருக்குப் பின்னால் அந்த டப்பா இருக்கிறதா என்றே பார்த்துவிடுங்கள். கீழ் வேரியண்ட்டில் இந்த வசதியே இருக்காது.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடியைத் துணியால் துடைக்கும் முன் ஆட்டோவை ஆஃப் செய்யுங்கள், அல்லது சாவியை எடுத்துவிடுங்கள். ஈரத்துணி சென்சார் இருக்கும் இடத்தில் பட்டதும் வைப்பர் ஓடும், விரல் மாட்டிக்கொள்ளும். வாட்டர் வாஷுக்கு விடும்போது கழுவுகிற பையனிடம் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மழையில்லாமல் வைப்பர் ஓடுகிறது

ஆட்டோவுக்குத் திருப்பியவுடன் ஒரே ஒரு தடவை ஓடி நின்றால் அது பழுதில்லை. ஆட்டோ ஆனாகிவிட்டது என்று தெரிவிக்கத்தான் பல கார்களில் அப்படி வைத்திருக்கிறார்கள். சென்சிட்டிவிட்டி வளையத்தை ஒரு படி ஏற்றும்போது ஒரு தடவை ஓடுவதும் அப்படியே. மாலையில் தேனி ரோட்டில் மேற்கே போகும்போது சூரியன் நேராகக் கண்ணாடியில் அடித்து, எப்போதாவது ஒரு தடவை சும்மா ஓடினால் அதையும் விட்டுவிடலாம். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. சில சென்சார்கள் குழம்பும்.

தொடர்ந்து ஓடினால் முதல் சந்தேகம் கண்ணாடியின் வெளிப்பக்கம். வண்டியை எந்த மரத்தடியில் நிறுத்துகிறீர்கள் என்று யோசியுங்கள். மரத்தில் மாவுப்பூச்சியும் அசுவினியும் பிடித்திருந்தால் கீழே நிற்கிற வண்டி முழுக்கப் பிசுபிசுவென்று ஒரு படலம் படியும். அதைத் தண்ணீர் போட்டுத் துடைத்தால் போகாது, பரவத்தான் செய்யும். ஆயுத பூஜைக்குக் கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைக்கும்போது நடுவில், மிரருக்கு நேராக வைக்கிறோம். சரியாகச் சென்சாரின் வாசல் அதுதான். சந்தனம் காய்ந்து உதிர்ந்தாலும் அதில் கலந்த எண்ணெய்ப் பசை இருந்துகொண்டே இருக்கும். பூஜை முடிந்த வாரம் வைப்பர் புகார் வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். பொட்டை ஒரு சாண் தள்ளி வையுங்கள், போதும்.

சுத்தம் செய்வதற்கு ஷாம்பூ தண்ணீரில் ஒருமுறை கழுவி, காய்ந்த பிறகு மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுத் துணியில் நனைத்து அந்த இடத்தைத் தேய்த்து எடுங்கள். வாட்டர் வாஷில் பாடிக்குப் போடும் வேக்ஸ் கண்ணாடியில் படிந்திருந்தாலும் இதிலேயே போய்விடும்.

இரண்டாவது சந்தேகம் பிளேடு. சித்திரை, வைகாசி வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்த ரப்பர் இறுகிப்போகும். அது துடைக்கும்போது சென்சாரின் மேல் ஒரு மெல்லிய ஈரக்கோட்டை இழுத்துவிட்டுப் போகும். சென்சார் அதைப் புது மழை என்று எடுத்துக்கொண்டு மறுபடி ஓடச் சொல்லும். ஓடும், மறுபடி கோடு விழும், மறுபடி ஓடும். மழை விட்ட பிறகும் வைப்பர் நிற்காமல் ஓடுகிறது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விரல் நுனியால் ரப்பர் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பிசிறோ வெடிப்போ தட்டுப்பட்டால் பிளேடை மாற்றிவிட்டு, அதற்குப் பிறகும் கோளாறு இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

மூன்றாவது, கல்லடி. ஜல்லி ஏற்றிப்போகும் டிப்பர்களுக்குப் பின்னால் ஓட்டுகிற வண்டிகளில் கண்ணாடியில் சின்னச் சின்னச் சில்லுகள் தெறித்திருக்கும். அந்தச் சில்லு சென்சாருக்கு நேராக இருந்தால் ஒளி அங்கே சிதறும். அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

இவை எதுவும் இல்லையென்றால் கண்ணாடிக்கு உள்ளே, ஜெல்லுக்குப் போக வேண்டும். அதை அடுத்த அறிகுறியில் சொல்கிறேன், இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்.

மழை கொட்டுகிறது, வைப்பர் அசையவில்லை

மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி போட்டு, ஆட்டோவில் வைத்து, சென்சிட்டிவிட்டியை உச்சத்துக்கு ஏற்றுங்கள். வெளியே நின்று மிரருக்கு நேராக, அந்தக் கருப்புப் பட்டைக்கு நடுவில் தெரியும் சின்ன ஜன்னலின் மேல் இரண்டு தடவை தெளியுங்கள். ஓரிரு வினாடியில் வைப்பர் அசைய வேண்டும். வாளியோடு மொத்தக் கண்ணாடியிலும் ஊற்றுவதில் பயனில்லை. தண்ணீர் ஒரே படலமாக வழிந்துவிடும், துளிகளாக விழுந்தால்தான் சென்சார் சரியாக எண்ணும்.

அசையவில்லை என்றால், சாவியை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து அந்த ஜன்னலைப் பாருங்கள். ஜெல் ஒழுங்காக ஒட்டியிருந்தால் ஜன்னல் முழுக்க ஒரே கருப்பாக, ஈரமாக இருப்பதுபோலத் தெரியும். வெள்ளி நிறத்தில் குமிழிகளோ, ஓரத்தில் பிறை வடிவில் வெளுத்த பட்டையோ தெரிந்தால் ஜெல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று புகுந்திருக்கிறது. ஒளி கண்ணாடிக்குள்ளேயே போகாமல் அந்தக் காற்றில் பட்டுத் திரும்பிவிடும். வெளியே மழை பெய்கிறதா, இல்லையா என்பது சென்சாருக்கு எட்டவே எட்டாது. குமிழி சின்னதாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, மழையில்லாமல் ஓடும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு 60 டிகிரிக்கு மேல் காய்கிறது. ஜெல் வருஷக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓரத்திலிருந்து விட்டுக்கொடுக்கும்.

ஜெல் மாற்றுவது பொறுமையான வேலை, கஷ்டமான வேலை அல்ல. மிரர் மூடியைக் கிளிப் உடையாமல் எடுக்க வேண்டும். சென்சாரை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளிப்பை விடுவித்தால் டப்பா கையோடு வரும். பழைய ஜெல்லை நகத்தால் சுரண்டாமல், ஓரத்தில் பிடித்து மெதுவாக உரித்து எடுக்கலாம். கண்ணாடியின் உள்பக்கத்தையும் சென்சாரின் முகத்தையும் ஆல்கஹாலால் துடைத்து முழுசாகக் காய விடுங்கள். புது ஜெல்லை விரல் படாமல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டிப் படிய வைத்து, சென்சாரை நேராக அழுத்திக் கிளிப்பைப் பூட்டுங்கள். மறுபடி வெளியே போய் டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழி தெரிந்தால் எடுத்துத் திரும்பச் செய்யுங்கள், அப்படியே விடாதீர்கள்.

ஜெல் கிடைக்கவில்லை என்று சிலிகான் சீலன்ட், உடனடி ஒட்டும் பசை, டபுள் டேப் இதையெல்லாம் போட்டு வருகிற வண்டிகள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அவை ஒளியை ஒழுங்காகக் கடத்தாது. சில பசைகள் கண்ணாடியோடு பிடித்துக்கொண்டு, எடுக்கும்போது சென்சாரின் முகத்தையே பெயர்த்துவிடும். நல்ல சென்சார் அப்படித்தான் வீணாகிறது. மிரருக்குப் பின்னால் ஏடாஸ் கேமரா (ஓட்டுகிறவருக்கு உதவ ரோட்டைப் பார்க்கும் கேமரா) இருக்கும் வண்டி என்றால் மூடியையே கழற்ற வேண்டாம். கேமரா இம்மி அசைந்தாலும் பிரேக் உதவி, லேன் உதவி எல்லாம் தப்பாகக் கணக்கிடும்.

ஜெல் நன்றாக இருந்தும் அசையவில்லை என்றால் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெப்பத்தைத் தடுக்கும் ஃபிலிம் தடுப்பதே அகச்சிவப்பைத்தான். ஒட்டுகிறவர் சென்சார் ஜன்னலை வெட்டி விடாமல் சென்சாரைக் கழற்றி ஃபிலிமின் மேலேயே திரும்ப மாட்டியிருந்தால் அது குருடாகிவிடும். மழைத்தண்ணீர் ஒட்டாமல் ஓட வைக்கும் கோட்டிங் அடித்திருந்தாலும் துளிகள் சென்சாரின் மேல் நிற்காமல் உருண்டு ஓடிவிடும். தூறலில் வைப்பர் தாமதமாகத்தான் எழும். அதற்குச் சென்சிட்டிவிட்டியை ஒரு படி ஏற்றி வைத்தால் போதும்.

பகலில் ஹெட்லைட் எரிகிறது

முன்னால் போய் நின்று, எரிவது ஹெட்லைட்தானா என்று பாருங்கள். புதுக் கார்கள் நிறையவற்றில் பகலில் எரியும் டிஆர்எல் விளக்கு தனியாக இருக்கிறது. அது எரிவதைப் பார்த்து எதிரே வருகிற பைக்காரர் கையை விரித்து மூடிக் காட்டுவார், வண்டிக்காரர் பயந்துபோய் நம்மிடம் வருவார். டிஆர்எல் மட்டும் எரியும்போது பெரும்பாலான கார்களில் பின்னால் டெயில் லைட் எரியாது. அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பாலத்துக்கு அடியில், மரங்கள் மூடிய ரோட்டில், மேகம் கருக்கும்போது எரிவது சரியான வேலைதான். 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் நத்தம் பறக்கும் பாலத்துக்கு அடியில் சாயங்காலம் போகும்போது எரிந்து, திறந்த வெளிக்கு வந்து சில வினாடி கழித்து அணைந்தால் சென்சார் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். அணைவதற்கு ஆகும் அந்தத் தாமதம் வேண்டுமென்றே வைத்தது, இல்லையென்றால் ஒவ்வொரு மர நிழலுக்கும் விளக்கு மினுக்கும். வைப்பர் தொடர்ந்து ஓடினால் ஹெட்லைட்டும் சேர்ந்து எரியும்படி சில கார்களில் இணைத்திருக்கிறார்கள். வண்டியைப் பூட்டிய பிறகு சிறிது நேரம் எரிந்து அணைவதும் ஒரு வசதி. மெனுவில் நேரத்தைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தவும் செய்யலாம்.

வெட்ட வெயிலிலும் அணையவில்லை என்றால் சென்சாரின் மேல் எதுவோ மூடியிருக்கிறது. டேஷ்போர்டில் குமிழ் இருக்கும் வண்டிகளில் நான் பார்த்தவை: டேஷ்போர்டு மேட், பிள்ளையார் சிலையைச் சுற்றிப் போட்ட மாலை, முகம் துடைத்துவிட்டு வைத்த துண்டு. எடுத்தால் சரியாகிவிடும்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். "அண்ணே, லைட் நாள் முழுக்க எரியுது. மழை பெஞ்சா வைப்பரும் ஓட மாட்டேங்குது. ரெண்டு சென்சாரும் போச்சுங்கிறாங்க" என்றார். அவர் காரில் இரண்டும் ஒரே டப்பாவுக்குள் இருப்பவை. வண்டியைச் சுற்றி வந்து முன்னால் நின்றால், கண்ணாடியின் மேல் ஓரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குலதெய்வத்தின் பெயர் எழுதிய பட்டை ஸ்டிக்கர். எப்போது ஒட்டினீர்கள் என்று கேட்டேன். "கோயில் கும்பிடுக்குப் போறப்ப ஒட்டுனதுண்ணே." கோளாறு எப்போதிலிருந்து என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஸ்டிக்கரை நிமிர்ந்து பார்த்தார். ஸ்டிக்கர் வெளிச்சத்தை மறைத்ததால் ஒளி சென்சாருக்கு எப்போதும் ராத்திரி. ஸ்டிக்கரின் பசை கண்ணாடியோடு ஒட்டியிருந்ததால் அகச்சிவப்பு அதற்குள் போய்த் தொலைந்துவிட்டது. மேலே விழுந்த துளி எதுவும் சென்சாருக்குத் தெரியவில்லை. சாமி பேரை வெட்ட வேண்டாம் என்று அவர் தயங்கியதால் ஸ்டிக்கரை மெதுவாகச் சூடுகாட்டி முழுசாக உரித்து, பின் கண்ணாடிக்கு மாற்றச் சொன்னேன். பசையை ஆல்கஹாலால் எடுத்ததும் இரண்டும் வேலை செய்தன.

ஒன்றும் மூடவில்லை, இருந்தும் எரிகிறது என்றால் அப்போதுதான் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகப்பட வேண்டும். சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால் பல கார்களில் பிசிஎம் விளக்கைப் போட்டு வைத்துவிடும். இருட்டில் விளக்கில்லாமல் போவதைவிடப் பகலில் எரிவது மேல் என்ற கணக்கு.

இருட்டியும் எரியவில்லை

பகலில் சாவி போட்டு, ஆட்டோவில் வைத்து, தடித்த கருப்புத் துணியை நாலாக மடித்துச் சென்சாரின் மேல் மூடுங்கள். மிரருக்குப் பின்னால் இருந்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம், டேஷ்போர்டில் இருந்தால் குமிழின் மேல். சில வினாடியில் விளக்கு எரிந்தால் சென்சாரும் ஒயரும் சரி. கையை மட்டும் வைத்து மூடினால் விரல் இடுக்கில் வெளிச்சம் கசியும், முடிவு தப்பாக வரும்.

இந்தச் சோதனையில் எரிகிறது, ஆனால் ரோட்டில் தாமதமாக எரிகிறது என்றால் மெனுவில் விளக்கின் சென்சிட்டிவிட்டி இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். மாட்டுத்தாவணி, காளவாசல் மாதிரிக் கடை வெளிச்சமும் உயர்மட்ட விளக்கும் கொட்டுகிற இடங்களில் கொஞ்சம் பிந்தி எரிவது இயல்புதான்.

இதில் நான் கவலையோடு சொல்ல விரும்புவது கொடைக்கானல் ரோட்டைப் பற்றி. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறி, பெருமாள்மலைப் பக்கம் பகல் நேரத்தில் பனிமூட்டம் இறங்கும்போது பத்தடி தள்ளிப் போகிற வண்டி தெரியாது. ஆனால் மூட்டம் வெள்ளையானது, சூரிய ஒளி அதில் சிதறி எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். சென்சாருக்கு அது பட்டப்பகல். அது அளப்பது வெளிச்சத்தை, நம் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை அல்ல. டேஷ்போர்டு மீட்டரும் எரிகிறது, முன்னால் டிஆர்எல்லும் எரிகிறது, விளக்கு போட்டிருக்கிறோம் என்று ஓட்டுகிறவர் நினைத்துக்கொள்வார். பின்னால் டெயில் லைட் அணைந்திருக்கும். வளைவில் பின்னால் வருகிற பஸ்ஸுக்கு இவர் கார் இருப்பதே தெரியாது. மலையில் மூட்டத்தைப் பார்த்ததும் ஆட்டோவை நம்பாமல் கையால் ஹெட்லைட்டை டிம்மில் போடுங்கள். ஃபாக் லைட் இருந்தால் அதையும் போடுங்கள். பிரைட் போட்டால் மூட்டம் வெளிச்சத்தைத் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். பட்டப்பகலில் கொட்டுகிற மழைக்கும் இதே பேச்சுதான்.

விளக்கு மினுக்குகிறது, எரிந்து எரிந்து அணைகிறது

சென்சாரை விட்டுவிட்டு பல்பைக் கேளுங்கள். கம்பெனி போட்ட எச்4 பல்பு 60/55 வாட். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹோல்டர் உருகும், ஒயர் சூடாகும். பிசிஎம் நேரடியாக விளக்கை ஓட்டும் வண்டிகளில் அது தன்னைக் காத்துக்கொள்ள விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கும். வெளியில் வாங்கிய எல்இடி பல்பு போட்டாலும் கரண்ட் குறைவாக இழுப்பதால் பல்பு ஃபியூஸ் போனதாக பிசிஎம் எண்ணி மினுக்கச் செய்யும். பழைய பல்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வைப்பரும் விளக்கும் ஒரே நாளில் ஆட்டோவை விட்டுப் போயின

இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வருகிற காரில் இப்படி ஆனால் பெரும்பாலும் கரண்டோ, தகவல் ஒயரோ தடைப்பட்டிருக்கும். கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். டேஷ் கேமரா மாட்டினால் அதன் ஒயரை மிரர் மூடிக்குள் நுழைக்கும்போது சென்சார் கப்ளர் பாதி கழன்றிருக்கலாம். அழுத்தினால் டக்கென்று பூட்டுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அப்புறம் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து ஃபியூஸ். அப்புறம் பேட்டரி. எஞ்சின் ஓடாமல் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். வோல்டேஜ் இறங்கினால் கன்ட்ரோல் யூனிட்டுகள் விதவிதமாக நடந்துகொள்ளும்.

மல்டிமீட்டர் பழக்கம் இருப்பவர்களுக்கு: சென்சார் கப்ளரில் பல கார்களில் மூன்றே ஒயர். ஒன்று 12 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது லின் என்ற தகவல் ஒயர். சாவி போட்ட நிலையில் முதல் ஒயரில் பேட்டரி வோல்டேஜ் அப்படியே வர வேண்டும். எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். லின் ஒயர் சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் நிற்கும், பேச்சு நடக்கும்போது மீட்டரில் அதைவிடக் குறைந்து ஆடும். பூஜ்யத்திலேயே கிடந்தால் எங்கோ எர்த் ஆகிறது. சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். கழற்றியதும் வோல்டேஜ் ஏறினால் சென்சார்தான் உள்ளே ஷார்ட், மாற்றலாம். ஏறவில்லை என்றால் ஒயர், அல்லது அந்த ஒயரைப் பங்குபோடும் வேறு ஏதாவது, அல்லது பிசிஎம்.

மழை நாளில் மட்டும் வருகிற கோளாறு என்றால் தண்ணீர் புகுகிறதா என்று பாருங்கள். சன்ரூஃப் இருக்கும் காரில் அதன் வடிகால் குழாயில் வேப்பிலைச் சருகும் பூவும் போய் அடைத்துக்கொள்ளும். வழிய இடமில்லாத தண்ணீர் மேல் லைனிங் வழியாகத் தூணுக்குள் இறங்கி ஃபியூஸ் பெட்டி வரை வரும். மேல் லைனிங்கில் காப்பிக்கறை மாதிரி வளையமோ, கால் மிதியடியில் ஈரமோ இருந்தால் அதுதான். பானெட்டைத் திறந்து, கண்ணாடியின் அடியில் இருக்கும் ஜாலியில் சேர்ந்த சருகையும் அள்ளிவிடுங்கள். ரொம்ப நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலி கடித்த ஒயரையும் தேட வேண்டும், பானெட்டுக்குள் ஹெட்லைட் ஒயரிங்கில்தான் அனேகமாகக் கடித்திருக்கும்.

கண்ணாடி மாற்றியதிலிருந்து

இப்படி ஆரம்பித்தால் பழுதைத் தேடவே வேண்டாம், மாற்றிய இடத்துக்கே திரும்பிப் போங்கள். சென்சார் வைப்பதற்கான ஜன்னலும் கிளிப்பும் உள்ள கண்ணாடி வேறு, இல்லாத கண்ணாடி வேறு. விலை குறைவு என்று இரண்டாவதைப் போட்டு, சென்சாரைப் பசையால் ஒட்டிக் கொடுப்பது நடக்கிறது. சரியான கண்ணாடி போட்டும் பழைய ஜெல்லையே திரும்பப் பயன்படுத்துவது அதைவிட அதிகம் நடக்கிறது. கண்ணாடி மாற்ற ஒப்புக்கொள்ளும் முன்பே மூன்று விஷயத்தைக் கேளுங்கள்: சென்சார் உள்ள கண்ணாடிதானா, ஜெல் புதுசாகப் போடுவீர்களா, போட்ட பிறகு ஸ்கேனரில் சென்சாரைச் சரிபார்த்துத் தருவீர்களா. ஏடாஸ் கேமரா இருந்தால் அதன் கேலிபரேஷனையும் சேர்த்துக் கேட்டு, இன்சூரன்ஸ் பில்லில் அது வருகிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனருக்குப் போகும்போது

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் பழுதுக் கோடுகளை (code) மட்டும்தான் படிக்கும். இந்தப் பழுதுக்கு வேண்டியது ஆங்கில எழுத்தில் பி (B) என்று தொடங்கும் பாடி கோடுகளும், யூ (U) என்று தொடங்கும் தகவல் தொடர்புக் கோடுகளும். அவற்றைப் படிக்கிற ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பழுதுக் கோடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்ல விடாதீர்கள். லைவ் டேட்டா என்ற பகுதியில் மழை அளவும் ஒளி அளவும் எண்ணாக ஓடும் வண்டிகள் இருக்கின்றன. அதைத் திறந்து வைத்துவிட்டு, நீங்கள் வெளியே நின்று ஸ்பிரே அடியுங்கள், துணியால் மூடித் திறவுங்கள். எண் மாறினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. பழுது பிசிஎம்மிலோ அதற்குப் பின்னாலோ. கண்ணாடி சுத்தம், ஜெல்லில் குமிழி இல்லை, கரண்டும் எர்த்தும் வருகிறது, இருந்தும் எண் அசையவே இல்லையென்றால் தாராளமாகப் புது சென்சார் வாங்கலாம். வாங்கும்போது பழைய டப்பாவின் முதுகில் இருக்கும் பார்ட் நம்பரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடல் காரிலேயே வருஷத்துக்கும் வேரியண்ட்டுக்கும் நம்பர் மாறும், வடிவம் ஒன்றாகவே இருக்கும். நம்பர் மாறிய சென்சார் கிளிப்பில் அழகாக உட்கார்ந்துகொண்டு பிசிஎம்மோடு பேசாமல் இருக்கும். சில கார்களில் புது சென்சாரை ஸ்கேனர் மூலம் பதிவு செய்தால்தான் ஆட்டோ வேலை செய்யும். அந்த வேலைக்கான கூலியும் சேர்த்துத்தானா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.